நிரல்மொழி கற்க எந்தப் புத்தகம்? எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற ஊர்களில், ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கேரளப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிப்பதும், இன்னொருவர் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ பிளஸ் டூ படிப்பதும் வழக்கமானதுதான். இருவருடைய பாடத்துக்கும் பெயர் கணினி அறிவியல். ஆனால் கேரளத்தின் மேல்நிலைப் பாடநூல் நெடுங்காலமாக சி++ மொழியைக் கற்பித்து வருகிறது. தமிழ்நாட்டில் 2018-19-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் பதினோராம் வகுப்புக்கு சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானையும் வைத்தது. இந்த வேறுபாடு தெரியாமல், இரண்டு பேருக்கும் சேர்த்துத் தடிமனான ஒரே புத்தகத்தை வாங்கிவரும் மாமாக்களையும் சித்தப்பாக்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த மாமாக்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

வாரநாட்களில் கோவையில் நிரல் எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. அங்கே ஆண்டு முழுவதும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி, "எது நல்ல புத்தகம்?" என்பது. அதற்கு நான் நேராக ஒரு பெயரைச் சொல்வதில்லை. எந்தக் கணினியில் ஓட்டப்போகிறீர்கள், இதற்கு முன் நிரல் எழுதியிருக்கிறீர்களா, படித்து முடித்தபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படும் புத்தகப் பெயர் பெரும்பாலும் பணத்தையும் இரண்டு மாதத்தையும் வீணாக்கும்.

முதற்படி: எதற்காகப் படிக்கிறோம் என்பதை எழுதிவையுங்கள்

தேர்வுக்காக என்றால், முதலில் வாங்க வேண்டியது எதுவுமில்லை. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரண்டு மாநிலங்களும் தங்கள் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பாடத்திட்டம் மாறக்கூடியது என்பதால், அண்ணனுடைய பழைய பாடநூலை நம்பாமல் நடப்பு ஆண்டுப் பாடநூலைப் பார்த்து, எந்த மொழி, எந்தக் கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) என்று குறித்துக்கொண்டபின் மட்டுமே துணைநூலைத் தேட வேண்டும். துணைநூல் பாடநூலின் வேலையையே திரும்பச் செய்தால் பயனில்லை. பாடநூல் இரண்டு பத்தியில் கடந்துபோன இடத்தை அது இருபது பக்கத்தில் விளக்க வேண்டும்.

வேலைக்காக என்றால், அந்த வேலைக்கு எந்த மொழி கேட்கிறார்கள் என்று விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். அதைவிட எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை: கையில் ஒரு வேலை இருந்து, அதை முடிப்பதற்காகப் படிப்பவர்கள். பால் சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் அப்பாவுக்காக லிட்டரையும் கொழுப்பு அளவையும் பெருக்கித் தொகை சொல்லும் நிரலை எழுதப் புறப்பட்ட ஒரு பெண், சான்றிதழுக்காகச் சேர்ந்த மற்ற ஐந்து பேரையும்விட விரைவாகப் பைத்தான் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது கோப்புகளையும் பட்டியல்களையும் முன்வரிசையில் வைத்த, 300 பக்கத்துக்குள் முடிகிற ஒரு புத்தகம். பொருள்நோக்கு நிரலாக்கத்தை (தரவையும் அதைக் கையாளும் கட்டளைகளையும் ஒரே பொருளாகக் கட்டும் முறை) இரண்டாம் அத்தியாயத்திலேயே தொடங்கும் நூலாக இருந்திருந்தால் அவள் அங்கேயே நின்றிருப்பாள்.

இரண்டாம் படி: புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்றப் படிகள் எல்லாம் வீண் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

அக்காள் மகன் பிளஸ் ஒன் சேர்ந்த ஆண்டில், உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் 900 பக்கமுள்ள ஒரு சி++ புத்தகத்தை 150 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். அட்டை பளபளப்பாக இருந்தது, உள்ளே பயிற்சிகளும் நிறைய இருந்தன. இரண்டு நாள் கழித்து அவன் முகம் தொங்கிப்போய் வந்தான். "ஏனுங் மாமா, புக்குல இருக்கற மாதிரியேதானுங் அடிச்சேன், மொத வரியே ஓட மாட்டீங்குதுங்" என்றான். முதல் வரியில் ஐயோஸ்ட்ரீம் என்ற தலைப்புக் கோப்பின் (நிரலின் தொடக்கத்தில் அழைக்கும் ஆயத்தக் கோப்பு) பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எச் எழுத்தும் இருந்தன. இரண்டாம் வரி கோனியோ என்ற கோப்பை அழைத்தது. இரண்டும் அவனுடைய பள்ளிக் கணினியில் இல்லை.

காரணம் எளிது. சி++ மொழிக்கு 1998-இல் சர்வதேசத் தரம் வந்தபோது அந்தத் தலைப்புக் கோப்பின் பெயரிலிருந்து புள்ளியும் எச்சும் நீங்கிவிட்டன. கோனியோ என்பதோ தரத்தில் எந்நாளும் இடம்பெறாதது. டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து டர்போ சி++ கம்பைலரோடு வந்தது. கேரளப் பள்ளிகள் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியவை. அங்கே லினக்ஸும் ஜிசிசி கம்பைலரும்தான். ஆக, நான் வாங்கிக் கொடுத்த புத்தகம் பையனுடைய கணினிக்காக எழுதப்பட்டதே அல்ல. தான் தட்டச்சு செய்ததில்தான் தவறு என்று நினைத்து அவன் இரண்டு நாள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறான் என்பதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

பின்னர் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டினேன். அதில் ஆண்டுகள் ஒரு பத்தி முழுக்க இருந்தன. முதற்பதிப்பு 1996, அதற்குக் கீழே மறுஅச்சு, மறுஅச்சு என்று வரிசையாகப் போய் 2014-இல் முடிந்தது. கடையில் நின்றபோது நான் பார்த்தது கடைசி ஆண்டை மட்டும். மறுஅச்சு என்றால் அதே பக்கங்களை மீண்டும் தாளில் ஏற்றினார்கள் என்று பொருள். ஓர் எழுத்தும் மாறியிருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் உட்கார்ந்து திருத்தி எழுதினால்தான் அது இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ஆகும். எனவே பார்க்க வேண்டியது கடைசிப் பதிப்பின் ஆண்டு. அதைப் பார்த்தபின், முன்னுரையில் "இந்தப் பதிப்பில் புதியவை" என்ற பகுதி இருக்கிறதா, அதில் மொழியின் எந்தப் பதிப்பெண் சொல்லப்பட்டிருக்கிறது என்றும் தேடுங்கள்.

பதிப்புரிமைப் பக்கம் கிழிந்துபோன பழைய புத்தகமென்றால் உள்ளே சில அடையாளங்கள் உண்டு. சி அல்லது சி++ நூலில் தரவினங்களின் அட்டவணையைத் திறந்து, முழு எண்ணுக்கான இன்ட் எத்தனை பைட் என்று பாருங்கள். 2 என்று அச்சிட்டிருந்தால் அது 16 பிட் காலத்துப் புத்தகம். அந்தக் கணக்கில் இன்ட் தாங்கும் மிகப்பெரிய எண் 32,767. எட்டின் தொடர்பெருக்கம் (1 முதல் 8 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் வருவது) 40,320 என்பதால் அது கொள்ளளவைத் தாண்டி, விடை -25,216 என்று வரும்; புத்தகம் அதை வைத்து மாணவருக்கு எச்சரிக்கை செய்திருக்கும். இன்றைய கணினியில் அதே நிரலை ஓட்டினால் 40,320 சரியாகவே வரும். இன்ட் வழக்கமாக 4 பைட் என்பதால் பன்னிரண்டின் தொடர்பெருக்கமான 47,90,01,600 வரை சிக்கல் இல்லை, பதின்மூன்றில்தான் தடுமாறும். புத்தகம் தவறு என்று சொல்லும் இடத்தில் கணினி சரியான விடையைக் காட்டினால், புதிதாகப் படிக்கும் பிள்ளை இரண்டில் எதை நம்பும்?

பைத்தான் நூலுக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு. பிரிண்ட் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது பைத்தான் 2-க்கான நூல். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஏழை இரண்டால் வகுத்தால் 3 என்று எழுதியிருந்தாலும் அதே முடிவுதான், பைத்தான் 3-இல் விடை 3.5. எழுத்துச் சரத்துக்குள் மாறியின் (நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்க நாம் வைக்கும் பெயர்) மதிப்பை நுழைப்பதற்கு எஃப் எழுத்தை முன்னால் வைக்கும் முறை 2016 இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து உள்ளது. அது எங்குமே காணப்படாத நூல் ஓடும், ஆனால் பழைய நடையைப் பழக்கும். ஜாவா நூலில் ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்) பற்றித் தனி அத்தியாயம் இருந்தால் கீழே வைத்துவிடலாம், இன்றைய உலாவிகளில் அவை ஓடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நூலில் லெட், கான்ஸ்ட் என்ற சொற்கள் இல்லாமல் வார் மட்டுமே இருந்தால் அது 2015-க்கு முந்தைய எழுத்து.

ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகள் வெவ்வேறு மொழிகளைப் போலவே நடந்துகொள்ளும் என்பதற்கு ஆலன் டௌனி எழுதிய "திங்க் பைத்தான்" நல்ல எடுத்துக்காட்டு. 2012-இல் வந்த முதற்பதிப்பு பைத்தான் 2-க்கானது. 2015-இன் இரண்டாம் பதிப்பு பைத்தான் 3-க்கானது. 2024-இல் மூன்றாவது வந்தது. பழைய கடையில் அந்தப் பெயரைக் கண்டவுடன் மகிழ்ந்து வாங்கிவிடக் கூடாது.

எல்லாப் பழைய நூல்களையும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிசைப்படுத்தல், தேடல், தன்னையே அழைக்கும் செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) போன்றவற்றை விளக்கும் நூல் முப்பது ஆண்டானாலும் பயன்படும். விரைவில் கெட்டுப்போவது வலைத்தளக் கட்டமைப்புகள், கைபேசிச் செயலிகள் பற்றிய நூல்கள். அவற்றை மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: அது யாருக்காக எழுதப்பட்டது?

நிரல்மொழி நூல்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, நிரலாக்கமே தெரியாதவருக்கு எழுதப்பட்டது. மற்றொன்று, வேறொரு மொழி தெரிந்தவருக்கு இந்த மொழியைச் சொல்லித்தருவது. இரண்டும் கடையில் ஒரே அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதி, 1988-இல் திருத்திய சி மொழி நூல் 300 பக்கத்துக்கும் குறைவானது; மெல்லிய புத்தகம் எளிய புத்தகமாகத்தான் இருக்கும் என்று எண்ணி அதைத் தொடக்கநிலை மாணவருக்கு வாங்கித் தருவோர் உண்டு. ஆனால் அது நிரலாக்கத்துக்கான அரிச்சுவடி அல்ல, மாறி, மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), செயற்கூறு போன்றவற்றில் ஓரளவு பழக்கமுள்ளவர்களுக்கானது என்று அதன் முன்னுரையே சொல்லிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் அதைப் படித்தால் ஒவ்வொரு பக்கமும் இனிக்கும். முதல் மாதத்தில் படித்தால் தனக்கு மூளையே இல்லை என்று தோன்றிவிடும். பைத்தானின் அதிகாரபூர்வ இணையப் பயிற்சிநூலுக்கும் இது பொருந்தும். ஆகவே முன்னுரையைத் தவறாமல் படியுங்கள். "இந்நூல் யாருக்கு" என்ற ஒரு பத்தி அனேகமாக எல்லா நூல்களிலும் இருக்கும்.

நான்காம் படி: கடையில் நின்றபடியே பதினைந்து நிமிடச் சோதனை

பொருளடக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். பொருளடக்கம் எல்லா நூல்களிலும் ஏறக்குறைய ஒன்றேதான். நான் பார்ப்பவை வேறு.

முதலில், நூல் கடினமான ஓரிடத்தை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பேன். பைத்தான் நூலென்றால் பட்டியல் பற்றிய அத்தியாயத்தைத் திறப்பேன். அ = [1, 2, 3] என்று ஒரு பட்டியல். அடுத்த வரியில் ஆ = அ. இப்போது அப்பெண்ட் கட்டளையால் ஆ-வின் முடிவில் 4 சேர்க்கிறோம். அ-வை அச்சிட்டால் என்ன வரும்? [1, 2, 3, 4] என்று வரும். அ-வை நாம் தொடவே இல்லை, ஆனாலும் அது மாறியிருக்கிறது. (பைத்தான் 3 தமிழ் எழுத்துகளை மாறிப் பெயராக ஏற்கும் என்பதால் முதலிரண்டு வரிகளையும் இப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.) "மாறி என்பது மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி" என்று தொடங்கிய நூல் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், இரண்டு பெட்டிகள் என்றால் ஒன்றில் போட்டது மற்றொன்றில் எப்படி வரும்? பைத்தானில் மாறி என்பது பெயர்ச்சீட்டு. சொசைட்டிக்குப் போகும் ஒரே பால் கேனில் அண்ணன் பேரும் தம்பி பேரும் எழுதிய இரண்டு சீட்டுகள் தொங்கினால், எந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பாலை ஊற்றினாலும் கேன் ஒன்றுதான். இந்த இடத்தை ஒரு படமாவது வரைந்து விளக்கிய நூலை வாங்கலாம். இதைப் பற்றிப் பேசாமலே கடந்துபோகும் நூல், மாணவரைப் பின்னால் எங்கோ ஒரு பிழையில் கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் சி++ நூலில் பெட்டி உவமை பொருந்தும். அங்கே ஒரு வெக்டரை (சி++-இன் பட்டியல்) இன்னொன்றுக்குச் சமன்படுத்தினால் முழு நகல்தான் கிடைக்கிறது. உவமையும் மொழிக்கு மொழி மாற வேண்டியதுதான் என்று உணர்ந்து எழுதும் ஆசிரியர் நம்பத்தக்கவர்.

இரண்டாவதாக, முதல் 50 பக்கத்துக்குள் எத்தனை பிழைச்செய்திகள் அச்சாகியிருக்கின்றன என்று எண்ணுவேன். தொடக்கநிலை மாணவர் திரையில் அதிகமாகப் பார்க்கப்போவது பிழைச்செய்தியைத்தான். அரைப்புள்ளியை விட்டால் கம்பைலர் என்ன சொல்லும், அது சுட்டும் வரி எண் ஏன் சில சமயம் அடுத்த வரியாக இருக்கிறது என்று காட்டாமல், எல்லா நிரல்களும் முதல் தடவையிலேயே ஓடுவதாகப் பாவனை செய்யும் நூல் வகுப்பறைக்கு வெளியே உதவாது.

மூன்றாவது பயிற்சிகள். எண்ணிக்கை முக்கியமல்ல. "மேற்கண்ட நிரலை எழுதிக் காட்டுக" என்பது பயிற்சியே அல்ல. கொடுத்த நிரலை மாற்றச் சொல்வது, தவறான நிரலில் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது, ஓட்டாமலே விடையை ஊகிக்கச் சொல்வது, வெற்றுத்தாளிலிருந்து புதிதாக எழுதச் சொல்வது ஆகிய நான்கு வகையும் ஓர் அத்தியாயத்தில் கலந்திருந்தால் அது உழைத்து எழுதிய நூல். விடைகள் நூலின் இறுதியிலோ ஆசிரியரின் இணையதளத்திலோ இருக்கட்டும்; கேள்விக்கு அடியிலேயே இருந்தால் கை தானாக அங்கே போய்விடும். "500 விடையுடன் கூடிய நிரல்கள்" என்ற தலைப்பில் வரும் கையேடுகளைச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது அச்சு. இதைச் சிறு விஷயம் என்று நினைப்பவர்கள் பைத்தானை அறியாதவர்கள். பைத்தானில் எந்த வரி மடக்குக்கு உள்ளே, எது வெளியே என்பதை இடப்பக்க இடைவெளிதான் தீர்மானிக்கிறது. மலிவாக அச்சிட்ட நூல்களில், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாலோ பக்கத்தில் அடங்காததாலோ, இந்த இடைவெளி கலைந்துபோயிருக்கும்; கூட்டுத்தொகையை ஒருமுறை அச்சிட வேண்டிய நிரல் பத்து முறை அச்சிடும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும். மடக்குக்குள் நிபந்தனையும் அதற்குள் இன்னொரு கட்டளையும் வரும் ஒரு பக்கத்தைத் திறந்து, அளவுகோல் வைத்ததுபோல் எழுத்துகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். நிரல் வரிகள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் இருக்க வேண்டும். எண் ஒன்றையும் சிறிய எல் எழுத்தையும், சுழியத்தையும் ஓ எழுத்தையும் பிரித்தறிய முடியாவிட்டால் வாங்காதீர்கள். மேற்கோள் குறி வளைந்திருந்தாலும் எச்சரிக்கை தேவை; மின்னூலிலிருந்து அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கணினி ஏற்காது.

ஐந்தாம் படி: எந்த மொழியில் எழுதிய நூல்?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது மும்முனைச் சிக்கல். பாடநூல் தமிழில், ஆசிரியர் பாலக்காட்டிலிருந்து வந்தவராக இருந்தால் விளக்கம் பாதி மலையாளத்தில், திரையில் தோன்றுவது ஆங்கிலத்தில். தமிழிலேயே சிந்திப்பவர் முதல் நூலைத் தமிழில் படிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. மடக்கு எப்படிச் சுற்றுகிறது என்று புரிந்துகொள்வதற்கும் ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பொருள்கொள்வதற்கும் ஒரே நேரத்தில் போராட வேண்டியதில்லை. ஆனால் தமிழ் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்தில் அப்படியே அச்சிடப்பட்டு, அவற்றுக்கு அருகில் தமிழ் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிழைச்செய்தியின் தமிழாக்கத்தை மட்டும் தரும் நூலால் திரையில் வருவதை அடையாளம் காண முடியாது.

கலைச்சொற்கள் நூலுக்கு நூல் மாறும். தமிழ்நாட்டுப் பாடநூல் செயற்கூறு என்று சொல்வதை வேறொரு நூல் சார்பு என்று எழுதும், மூன்றாவது நூல் ஃபங்ஷன் என்றே எழுதிவிடும். இதற்காகப் பதற வேண்டியதில்லை. ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, ஆங்கிலச் சொல், பாடநூலின் தமிழ்ச் சொல், ஆசிரியர் வகுப்பில் வாயால் சொல்லும் சொல் என்று எழுதி வந்தால், நூறு சொற்களுக்குள் தொடக்கநிலை முடிந்துவிடும். அந்த நூறு கைவந்தபின் இரண்டாம் நூலை ஆங்கிலத்தில் எடுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்: இரண்டாம் நூலும் தமிழில்தான் வேண்டும் என்று காத்திருந்தால், ஆழமான நூல்கள் தமிழில் மிகக் குறைவு என்பதால், காத்திருப்பது மட்டுமே நடக்கும்.

இலவசத் தமிழ் நூல்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் கணியம். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் அந்த இதழின் வழியாக "எளிய தமிழில்" என்று தொடங்கும் தலைப்புகளில் பல மின்னூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துள்ளன. தரவிறக்கும் முன் அவற்றுக்கும் இரண்டாம் படியில் சொன்ன வயதுச் சோதனையைச் செய்யுங்கள்.

ஆறாம் படி: எங்கே வாங்குவது, எங்கே இரவல் பெறுவது

கேரளத்தில் இருப்பதன் பெரிய நன்மை கிராம வாசகசாலைகள். 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாக, எங்கள் ஊர் போன்ற சிற்றூரிலும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. அவருடைய நினைவு நாளான சூன் 19-ஐ மாநிலமே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. எங்கள் வாசகசாலையின் கணினி அடுக்கில் நான் முதன்முதலில் கண்டவை டேலியும் விண்டோஸ் 98-உம் தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் புதிய நூல்கள் வாங்கும் பருவத்துக்கு முன்பே, நூலின் பெயர், பதிப்பு எண், ஐஎஸ்பிஎன் மூன்றையும் தெளிவாக எழுதிச் செயற்குழுவிடம் கொடுத்தால் பரிசீலிக்கிறார்கள். "நல்ல பைத்தான் புத்தகம் வேணும்" என்று வாய்மொழியாகக் கேட்டால் கடைக்காரர் கொடுத்ததுதான் வரும்.

விலைக்கு வாங்குவதென்றால், கோவையில் உக்கடம், டவுன்ஹால் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளுக்கு நேரில் போவதே நல்லது. நான்காம் படியின் சோதனையைக் கையில் வைத்துச் செய்ய முடியும். கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழாவில் புதிய நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம். வெளிநாட்டு நூல்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் பல உண்டு. தாளும் அட்டையும் மெல்லியதாக இருக்கும், உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். இணையவழி வாங்கினால், படத்தில் காட்டும் பதிப்பும் வந்து சேரும் பதிப்பும் ஒன்றா என்று பொட்டலத்தைப் பிரித்த அன்றே பாருங்கள். திருப்பி அனுப்பும் நாள் கடந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. மேலே சொன்ன "திங்க் பைத்தான்" நூலின் மூன்றாம் பதிப்பை ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறார் என்பதால், ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஏழாம் படி: வாங்கியபின்

ஒரு நாளைக்கு 5 பக்கம் என்று வைத்தால் 500 பக்க நூல் 100 நாள் எடுக்கும்; பயிற்சிகளையும் போட்டால் அதுவே ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால், ஒரே மாதத்தில் முடிக்கப்போவதாகத் தொடங்கி மூன்றாம் வாரத்தில் மூடிவைக்கும் நிலை வராது. எல்லா நிரல்களையும் கையால் தட்டச்சு செய்யுங்கள். ஓடியபின் ஓரிடத்தையாவது மாற்றி, என்ன ஆகும் என்று ஊகித்து எழுதிவைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நிரல் ஓடாவிட்டால் முதலில் உங்கள் தட்டச்சையும், பிறகு பதிப்பாளரின் இணையதளத்தில் அந்நூலுக்கான பிழைதிருத்தப் பட்டியலையும் பாருங்கள். நல்ல நூல்களிலும் அச்சுப்பிழை உண்டு. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பயிற்சிக்கான விடையைக் கேட்பதும் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்ப்பதும் ஒன்றுதான். இருபது நிமிடம் தானாக முயன்றபின் பிழைச்செய்திக்குப் பொருள் மட்டும் கேட்பதை எங்கள் வகுப்பில் அனுமதிக்கிறேன்.

50 பக்கம் ஒழுங்காகப் படித்து, நிரல்களை அடித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் நூலை மாற்றுங்கள். பத்துப் பக்கத்தில் மாற்றினால் அது சோம்பல். 200 பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனால் வீண் வைராக்கியம். மாற்றும்போது வேறு மொழிக்குத் தாவாமல், அதே மொழியில் வேறு நடையுள்ள நூலை எடுக்க வேண்டும். முதல் நூலின் முக்கால் பங்கு முடிந்தபின் இரண்டாவதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது தொடர்ந்து படிப்பதற்கல்ல, ஒரே கருத்தை இன்னொருவர் எப்படிச் சொல்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்குச் சொல்லடைவு நன்றாக அமைந்த நூல் வேண்டும். கடைசிப் பக்கங்களைத் திறந்து, உங்களுக்கு முன்பு குழப்பம் தந்த மூன்று சொற்களைத் தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் வாங்கலாம்.

படித்து முடித்த நூலை வாசகசாலைக்குக் கொடுப்பதானால், அட்டையின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். எந்த ஆண்டில், எந்தப் பதிப்பெண்ணுள்ள மொழியில், எந்த இயங்குதளத்தில் இந்நூலின் நிரல்களை ஓட்டினீர்கள், எந்தப் பக்கங்களில் பிழை, எந்த அத்தியாயத்தை விட்டுவிடலாம் என்று ஐந்தாறு வரி போதும். அக்காள் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த 900 பக்கப் புத்தகமும் இப்போது எங்கள் வாசகசாலையில்தான் இருக்கிறது. அதில் அவன் ஒட்டிய சீட்டு இப்படிச் சொல்கிறது: "தலைப்புக் கோப்பில் புள்ளி எச்சை எடுத்துவிடவும். கோனியோ வரியை அடிக்க வேண்டாம். தொடர்பெருக்கப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அணிகள் அத்தியாயம் நன்றாக இருக்கிறது."